உள்ளழுக்கு வியாபாரம்

சென்ற மாதம் நாம் ஒரு சிநேகிதர் வீட்டிற்குப் போயிருந்தோம். அவருடைய தகப்பனார் காலமான பதினாறாம் நாள் அது. சிநேகிதர் நன்றாய்ப் படித்தவர். நல்ல உத்தியோகத்தில் இருப்பவர். நமது பத்திரிகையைத் தவறாமல் வாசிப்பவர். காலையில் புரோகிதர் வந்து, செம்புத் தண்ணீரில் மாவிலையைத் தோய்த்து வீடு முழுவதும் தெளித்து, "தீட்டுப் போய்விட்டது" என்றார். பிறகு சிநேகிதருடைய உள்ளங்கையில் பஞ்சகவ்வியத்தை விட்டு, உட்கொள்ளும்படி சொன்னார். சிநேகிதர் நம்மைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டிக்கொண்டு, "தாயாருடைய திருப்திக்காகத்தான்" என்று மெதுவாய்ச் சொல்லிவிட்டு, அதை உதட்டில் தடவிக்கொண்டார்.

அன்று மாலை அதே சிநேகிதர் நம்மைக் கடைத்தெருவிலுள்ள ஓர் இயற்கை வைத்திய நிலையத்திற்கு அழைத்துப் போனார். அங்கே ஒரு தொட்டியில் வெந்நீரும் உப்பும் போட்டு, அதில் மின்சாரக் கம்பி பொருத்திய ஒரு கருவியை வைத்து, சிநேகிதருடைய இரண்டு கால்களையும் உள்ளே வைக்கச் செய்தார்கள். கொஞ்ச நேரத்தில் தண்ணீர் தேயிலைத் தண்ணீர் போலாயிற்று. அரைமணி நேரத்தில் காப்பி மண்டி போலாயிற்று. நிலையத்துக்காரர், "பார்த்தீர்களா? இதெல்லாம் உங்கள் உடம்பில் பல வருஷமாய்த் தங்கியிருந்த விஷம்" என்றார். சிநேகிதர் பயபக்தியோடு அந்தத் தண்ணீரைப் பார்த்துவிட்டு 700 ரூபாயை எடுத்து நீட்டினார்.

நாம் சும்மா இருக்கமாட்டாமல், "ஐயா, காலை வைக்காமல் இதை ஒரு தடவை ஓட்டிக் காட்டமுடியுமா?" என்று கேட்டோம். "கால் இல்லாமல் ஓட்டினால் மெஷின் கெட்டுப்போகும்" என்றார் நிலையத்துக்காரர். சிநேகிதருக்கு நம்மீது கோபம் வந்துவிட்டது. "எல்லாவற்றிலுமா சந்தேகப்படுவது? இது விஞ்ஞானம் அல்லவா?" என்றார்.

காலையில் புரோகிதரைப் பார்த்துக் கண் சிமிட்டியவர் மாலையில் மெஷின்காரருக்குக் கும்பிடு போட்டார். இதைப் பற்றித்தான் இந்த வாரம் எழுத வேண்டுமென்று நமக்குத் தோன்றிற்று. ஏனென்றால் செம்புத் தண்ணீரும் தொட்டித் தண்ணீரும் ஒன்றே என்பது நமது அபிப்பிராயம்.

எந்த அழுக்கு?

உண்மையான அழுக்கு என்றால் அதற்கு மூன்று அடையாளங்கள் இருக்க வேண்டும். ஒன்று, அது இன்ன பொருள் என்று பெயர் சொல்ல முடியவேண்டும். இரண்டு, அது எங்கே எவ்வளவு இருக்கிறது என்று காட்ட முடியவேண்டும். மூன்று, கழுவிய பிறகு எவ்வளவு குறைந்தது என்று கணக்குச் சொல்ல முடியவேண்டும். வேட்டியிலே சேறு பட்டால் கண்ணுக்குத் தெரிகிறது, துவைத்தால் போகிறது, போயிற்றா இல்லையா என்று எவரும் பார்த்துக்கொள்ளலாம். அதற்கு மந்திரமும் வேண்டாம், தட்சணையும் வேண்டாம்.

ஆனால் "தீட்டு" என்பதற்கும், இக்காலத்தில் "டிடாக்ஸ்" என்று சொல்லப்படுகின்ற விஷ நீக்கத்திற்கும் இந்த மூன்றில் ஒன்றாவது உண்டா? தீட்டு என்பது என்ன பொருள் என்று எந்தப் புரோகிதராவது சொன்னதுண்டா? போகட்டும், விஷ நீக்கக்காரராவது சொல்லுகிறாரா என்றால் அதுவும் இல்லை. 2009ஆம் வருஷத்தில் இங்கிலாந்தில் சில இளம் விஞ்ஞானிகள் கடைகளில் விற்ற 15 விஷ நீக்கச் சரக்குகளை எடுத்துக்கொண்டு, அவற்றைச் செய்து விற்பவர்களிடமே, "நீங்கள் நீக்குவதாய்ச் சொல்லும் விஷம் எது? எப்படி நீக்குகிறீர்கள்?" என்று விசாரித்தார்கள். விஷ நீக்கம் என்றால் என்ன என்பதற்கு இரண்டு கம்பெனிகள்கூட ஒரே அர்த்தம் சொல்லவில்லை. விற்கிறவனுக்கே தெரியாத விஷம் வாங்குகிறவன் உடம்பில் மட்டும் எப்படி இருக்கும் என்று கேட்கின்றோம்.

மனிதனே அழுக்கு

முதலில் மதச் சுத்தியை எடுத்துக்கொள்வோம். பிறந்தால் தீட்டு, செத்தால் தீட்டு, பெண் பூப்படைந்தால் தீட்டு, மாதந்தோறும் தீட்டு, கடல் கடந்தால் தீட்டு, ஒருவனை ஒருவன் தொட்டால் தீட்டு. இவ்வளவு தீட்டுக்கும் மருந்து பஞ்சகவ்வியம். அதாவது பசுவின் பால், தயிர், நெய், மூத்திரம், சாணி ஆகிய ஐந்தும் சேர்ந்தது. பரேலியில் உள்ள இந்தியக் கால்நடை ஆராய்ச்சி நிலையத்தார், நோயற்ற பசு, காளைகளின் மூத்திரத்தைச் சோதித்து, அதில் தீங்கு செய்யக்கூடிய பாக்டீரியாக்கள் குறைந்தது 14 வகை இருப்பதாக 2023இல் தெரிவித்தார்கள். ஆகவே கழுவுகிற சாமானிலேயே அழுக்கு இருக்கின்றது என்று ஏற்படுகின்றது.

தோழர் காந்தியார் பாரிஸ்டர் பரீட்சை கொடுத்து 1891இல் சீமையிலிருந்து திரும்பியபோது, கடல் கடந்த தோஷத்திற்காக அவருடைய தமையனார் அவரை நாசிக்கிற்கு அழைத்துப்போய்ப் புண்ணிய நதியிலே முழுக்காட்டினார். பிறகு ஜாதியாருக்கு விருந்தும் வைத்தார். அவர் உடம்பில் ஒட்டியிருந்த எந்தப் பொருளை நாசிக் தண்ணீர் கரைத்தது? ஒன்றுமில்லை. ஜாதியாருடைய கோபத்தில் ஒரு பாதியைத்தான் கரைத்தது. மற்றொரு பாதி கடைசிவரை கரையவே இல்லை.

இதையாவது வேடிக்கை என்று விட்டுவிடலாம். 1927ஆம் வருஷம் மார்ச் மாதம் 20ந் தேதி மகத் என்ற ஊரில் டாக்டர் அம்பேத்கரும் அவருடைய தோழர்களும் ஊர்ப் பொதுக் குளத்தில் இறங்கித் தண்ணீர் அள்ளிக் குடித்தார்கள். அக்குளத்திலே ஆடு மாடு குடிக்கலாம். மற்ற மதத்தார் எடுக்கலாம். ஆனால் தீண்டாதார் என்று சொல்லப்பட்ட மனிதர் மட்டும் குடிக்கக்கூடாது. பிறகு மேல்ஜாதியார் செய்தது என்னவென்றால், சாணி, மூத்திரம், பால், தயிர் கலந்த 108 பானைகளைக் கொண்டு மந்திரம் சொல்லி அக்குளத்தைச் "சுத்தி" செய்தார்கள். வாசகர்களே, இதைச் சற்று யோசித்துப் பாருங்கள். தாகத்திற்குத் தண்ணீர் குடித்தவன் கை பட்டதால் குளம் அசுத்தமாம். சாணி போட்டதால் சுத்தமாம்! இதைவிடத் தலைகீழான ஒரு காரியம் உலகத்தில் உண்டா?

அது பழைய காலம் என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளவும் முடியாது. 1978ஆம் வருஷம் ஜனவரி மாதம் இந்திய தேசத்தின் ராணுவ மந்திரியாய் இருந்த ஜகஜீவன்ராம் அவர்கள் காசியில் ஒரு சிலையைத் திறந்துவைத்தார். அவர் போன பிறகு அந்தச் சிலை கங்கைத் தண்ணீரால் கழுவப்பட்டது. தேசத்தின் பட்டாளத்தையே நடத்துகிறவர் கை கல்லின்மேல் பட்டால் கல்லுக்கு அழுக்கு!

நமது நாட்டுக்கே வருவோம். 2018ஆம் வருஷம் நவம்பர் மாதம் கஜா புயல் அடித்த இரவு, பட்டுக்கோட்டைப் பக்கத்தில் புதிதாய்ப் பூப்படைந்த ஒரு சிறுமியைத் தீட்டு என்று வீட்டை விட்டுத் தனியாய் ஒரு கீற்றுக் குடிசையில் வைத்திருந்தார்கள். தென்னை மரம் குடிசைமேல் சாய்ந்து அந்தக் குழந்தை செத்துப்போயிற்று. கருப்பையின் உள்சவ்வு மாதம் ஒரு முறை வளர்ந்து, கரு தங்காவிட்டால் உதிர்ந்து வெளியே வருகின்றது. இதுதான் தீட்டு என்பதன் முழு ரகசியம். அந்தச் சவ்வு இல்லாமல் புரோகிதரும் பிறக்கவில்லை, நாமும் பிறக்கவில்லை. இதைத் தெரிந்துகொண்டிருந்தால் அந்தச் சிறுமி அன்றிரவு வீட்டிற்குள் படுத்திருப்பாள்.

ஆகவே மதச் சுத்தியில் அழுக்கு என்பது ஒரு பொருளல்ல. ஒரு மனிதன், அல்லது ஒரு பெண். சுத்தி என்பது கழுவுவதல்ல, ஒதுக்குவது. மற்ற மதங்களிலும் உடம்பின் அழுக்கு அல்லாத ஓர் அழுக்கைக் கழுவுகிற சடங்கு உண்டு. கிறிஸ்தவர் பிறவிப் பாவத்தைத் தண்ணீரால் கழுவுகிறார்கள். முஸ்லிம்கள் தொழுகைக்கு முன் கைகால் முகம் கழுவுகிறார்கள்; தண்ணீர் கிடைக்காவிட்டால் சுத்தமான மண்ணைத் தொட்டுத் தடவிக்கொண்டாலும் போதும் என்கிறார்கள். கைகால் கழுவுவது நல்ல பழக்கந்தான். ஆனால் தண்ணீருக்குப் பதில் மண்ணும் செல்லும் என்றால், அங்கே கழுவப்படுவது உடம்பு அல்ல என்பது விளங்குகிறதல்லவா?

புண்ணிய தீர்த்தம்

பாவத்தைக் கழுவுகிற தீர்த்தங்களின் யோக்கியதையைப் பார்ப்போம். கும்பகோணத்தில் பன்னிரண்டு வருஷத்துக்கு ஒரு முறை மகாமகக் குளத்தில் இந்தியாவின் புண்ணிய நதிகளெல்லாம் வந்து கூடுகின்றன என்று சொல்லுகிறார்கள். 1992ஆம் வருஷம் பிப்ரவரி 18ந் தேதி அங்கே கூட்ட நெரிசலில் 40க்கு மேற்பட்டவர்கள் செத்தார்கள். பாவம் போயிற்றோ என்னவோ, உயிர் போயிற்று.

2025இல் பிரயாகையில் நடந்த கும்பமேளாவில் கோடிக்கணக்கான பேர் முழுகினார்கள். குளிக்கிற தண்ணீரில் 100 மில்லிலிட்டருக்கு மலக்கிருமிக் கணக்கு 2500க்கு மேல் போகக்கூடாது என்பது விதி. அங்கே பல சமயங்களில் பல இடங்களில் தண்ணீர் அந்த அளவைத் தாண்டியிருந்தது என்று சர்க்காருடைய மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியமே அந்த வருஷம் பிப்ரவரியில் அறிக்கை கொடுத்தது. பிறகு மாத முடிவில் வேறு விதமாய்க் கணக்கெடுத்து, தண்ணீர் குளிக்கத் தகுந்ததே என்றும் அதே வாரியம் சொல்லிற்று. எது எப்படியாயினும், தண்ணீரின் சுத்தத்தை அறிவதற்குச் சர்க்கார் புராணத்தைப் புரட்டவில்லை; புட்டியில் தண்ணீரை மொண்டு சோதனைச் சாலைக்குத்தான் அனுப்பியது என்பதை மாத்திரம் கவனிக்க வேண்டுகின்றோம்.

மருந்தே அழுக்கு

இனி வைத்தியச் சுத்திக்கு வருவோம். குடலில் மலம் தங்கினால் அதிலிருந்து விஷம் இரத்தத்தில் ஏறி எல்லா வியாதிகளையும் உண்டாக்குகிறது என்பது வெகு பழைய நம்பிக்கை. எகிப்து தேசத்தார் மாதத்தில் மூன்று நாள் பேதிக்குச் சாப்பிட்டார்கள் என்று கிரேக்க சரித்திரக்காரர் ஹெரடோடஸ் எழுதியிருக்கிறார். நூறு வருஷங்களுக்கு முன் சீமை வைத்தியர்களும் இதை நம்பினார்கள். லண்டனில் சர் வில்லியம் ஆர்புத்னாட் லேன் என்ற பெயர்போன சர்ஜன் இதற்காக அநேகம் பேருடைய பெருங்குடலையே அறுத்து எடுத்துவந்தார். 1922இல் அமெரிக்காவில் டொனால்ட்சன் என்ற வைத்தியர் இதைச் சோதித்தார். சில ஆட்களின் மலக்குடலில் வெறும் பஞ்சை வைத்தார். மலச்சிக்கலுக்கு வருகின்ற அதே தலைவலியும் மந்தமும் அவர்களுக்கு வந்தன. பஞ்சை எடுத்தவுடன் போயின. பஞ்சில் ஏது விஷம்? குடல் அடைபட்ட அழுத்தந்தான் காரணம். விஷம் ஏறியதல்ல என்று தெரிந்தது. வைத்தியர்கள் அந்தக் கொள்கையைக் கைவிட்டார்கள். வைத்தியர்கள் எறிந்ததை வியாபாரிகள் பொறுக்கி எடுத்துக்கொண்டார்கள்.

இவர்களுடைய தந்திரம் முழுவதும் ஒன்றே. அதாவது, தாங்கள் உண்டாக்கிய அழுக்கையே உங்கள் உடம்பிலிருந்து வந்ததாகக் காட்டுவது.

நமது சிநேகிதர் பார்த்த கறுப்புத் தண்ணீர் என்ன? உப்புத் தண்ணீரில் இரும்புத் தகட்டை வைத்து மின்சாரம் விட்டால் இரும்பு துருப்பிடித்துக் கரையும். கால் இருந்தாலும் கரையும், கால் இல்லாவிட்டாலும் கரையும். 2012இல் இந்தக் கருவியைச் சோதித்தவர்கள் தண்ணீரையும், காலை வைத்தவர்களுடைய சிறுநீரையும் மயிரையும் பரிசோதித்து, உடம்பிலிருந்து விஷம் வெளியேறியதற்கு அடையாளமே இல்லை என்று கண்டார்கள்.

பித்தப்பைக் கல்லை வெளியேற்றுவதாய்ச் சொல்லி, ஆலிவ் எண்ணெயையும் எலுமிச்சஞ் சாற்றையும் குடிக்கச் செய்கிறார்கள். மறுநாள் பச்சைப் பச்சையாய் உருண்டைகள் மலத்தோடு வருகின்றன. 2005இல் "லான்செட்" வைத்தியப் பத்திரிகையில் இவ்வுருண்டைகளைச் சோதித்த விவரம் வெளிவந்தது. அவை கற்களல்ல, குடித்த எண்ணெயே வயிற்றிலுள்ள நீரோடு சேர்ந்து கட்டிய சோப்பு உருண்டைகள். குடலைச் சுத்தம் செய்கிற பொடி என்று இசப்பகோல் உமியையும் களிமண்ணையும் கலந்து கொடுக்கிறார்கள். கயிறு கயிறாய் வருகிறது. "பல வருஷத்துக் கசடு" என்கிறார்கள். அது நேற்றுத் தின்ற பொடியே. காதிலே மெழுகுக் குழாயைச் செருகி, மறு நுனியில் கொளுத்தி, அடியில் தங்கிய மஞ்சள் மெழுகைக் காட்டி "காதுக் குறும்பி" என்கிறார்கள். காதில் வைக்காமல் கொளுத்தினாலும் அதே மெழுகுதான் தங்கும்.

இதெல்லாம் பட்டணத்துப் பணக்காரர் சங்கதி என்று கிராமத்துத் தோழர்கள் சிரிக்கவேண்டாம். நம் ஊர்களில் "தொக்கம் எடுத்தல்" என்று ஒன்று நடக்கிறதே, அது என்ன? குழந்தை சாப்பிட மறுத்து வாந்தி எடுத்தால், உணவு சிக்கிக்கொண்டது என்று தொக்கம் எடுப்பவரிடம் தூக்கிப் போகிறோம். அவர் வயிற்றின்மேல் குழலை வைத்து உறிஞ்சி ஒரு பருக்கையையோ மயிரையோ துப்பிக் காட்டுகிறார். வயிற்றுத் தோலில் ஓட்டை இல்லை; குழலுக்குப் பல்லும் இல்லை. பருக்கை எங்கிருந்து வந்தது? உறிஞ்சியவர் வாயிலிருந்துதான் வந்தது. மூச்சுக் குழாயில் உண்மையாய் ஏதேனும் சிக்கியிருந்தால் குழந்தைக்கு மூச்சுத் திணறலாம். உணவுக் குழாயில் காசு சிக்கியிருந்தால் எக்ஸ்ரே படத்தில் தெரியும்.

அதைவிட மோசமானது "வைத்த மருந்தை எடுத்தல்". புருஷன் பெண்சாதி சொல்லைக் கேட்டாலும் "மருந்து வைத்துவிட்டாள்". குடித்துக் குடித்து ஈரல் கெட்டு இளைத்தாலும் "மருந்து வைத்துவிட்டாள்". பச்சிலைச் சாறு கொடுத்து வாந்தி எடுக்கச் செய்து, அதில் ஓர் உருண்டையைக் காட்டினால் போதும். வாந்தி அவனுடையது, உருண்டை எடுத்தவனுடையது, பழி மாத்திரம் சோறு போட்ட பெண்ணுடையது. புரோகிதருடைய தீட்டும் பெண்மேல்தான் விழுகிறது. மருந்து எடுப்பவருடைய விஷமும் பெண்மேல்தான் விழுகிறது.

கெடுதி இல்லையா?

"நம்புகிறவன் நம்பிவிட்டுப் போகட்டும், என்ன கெடுதி?" என்று சிலர் கேட்கலாம். 1978 முதல் 1980 வரை அமெரிக்காவில் கொலராடோ மாகாணத்தில் ஒரு நிலையத்தில் குழாய் வைத்துப் பெருங்குடலைக் கழுவி வந்தார்கள். கழுவுகிற கருவியின் மூலமாகவே அமீபா சீதபேதி பரவி 36 பேருக்குக் கண்டது. 10 பேருக்குக் குடலை அறுத்தெடுக்க வேண்டியதாயிற்று. 6 பேர் செத்தார்கள். காப்பித் தண்ணீரை எனிமாவாய் ஏற்றிக்கொண்டு, உடம்பின் உப்புக் கணக்குக் கெட்டு இருவர் செத்ததை 1980இல் ஒரு வைத்தியப் பத்திரிகை வெளியிட்டது. 2004இல் அமெரிக்காவில் பாஸ்டன் நகரக் கடைகளில் விற்ற 70 ஆயுர்வேதச் சரக்குகளைச் சோதித்ததில் 14இல் ஈயமோ பாதரசமோ பாஷாணமோ இருந்தது. விஷத்தைப் போக்க ஈயம் தின்பது, தீயை அணைக்க எண்ணெய் ஊற்றுவதற்கு ஒப்பாகும்.

குழந்தைகள் விஷயம் இன்னும் கொடுமை. குழந்தைக்கு வயிற்றோட்டம் கண்டால் "கெட்டது வெளியே போகட்டும்" என்று தண்ணீரை நிறுத்துகிறவர்கள் இன்றும் உண்டு. கழிச்சலில் குழந்தையைக் கொல்லுவது தண்ணீரும் உப்பும் உடம்பை விட்டுப் போவதே. 1971இல் வங்காளத்து அகதி முகாமில் வாந்திபேதியால் 100க்கு 20, 30 பேர் செத்துக்கொண்டிருந்தபோது, டாக்டர் திலீப் மகலநாபிஸ் என்பவர் தண்ணீரில் உப்பும் சர்க்கரையும் அளவாய்க் கலந்து குடிக்கக் கொடுத்தார். சாவு 100க்கு 4க்கும் கீழே இறங்கிற்று. வெளியே தள்ளியதால் அல்ல, உள்ளே கொடுத்ததால் பிழைத்தார்கள்.

உடம்பின் வேலையாட்கள்

அப்படியானால் உடம்பில் கழிவே இல்லையா என்றால், உண்டு. அதற்குச் சம்பளமில்லாத வேலையாட்கள் உள்ளேயே இருக்கிறார்கள். இரண்டு சிறுநீரகங்களும் சேர்ந்து ஒரு நாளைக்குச் சுமார் 180 லிட்டர் நீரை இரத்தத்திலிருந்து வடிகட்டி, வேண்டியதைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, வேண்டாததை ஒன்று அல்லது இரண்டு லிட்டர் சிறுநீராய் வெளியே தள்ளுகின்றன. ஈரல், புரதம் கரைவதால் உண்டாகும் அம்மோனியாவை யூரியாவாக மாற்றிச் சிறுநீரகத்திற்கு அனுப்புகிறது. சாராயத்தையும் மருந்துகளையும் சிதைப்பதும் அதுவே. நுரையீரல் கரிக்காற்றை நிமிஷந்தோறும் வெளியேற்றுகிறது. குடலின் உட்சவ்வு சில நாட்களுக்கு ஒரு முறை தானாய் உதிர்ந்து புதிதாகிறது. இவர்களுக்கு நாள் நட்சத்திரம் வேண்டாம், மந்திரமும் வேண்டாம், மெஷினும் வேண்டாம்.

இவர்கள் உண்மையாகவே வேலை நிறுத்தம் செய்துவிட்டால் கால்தொட்டியால் ஒன்றும் ஆகாது. டயாலிசிஸ் என்கிற இரத்தச் சுத்தி வேண்டும். அதுவும் விஷ நீக்கந்தான். ஆனால் அங்கே யூரியா எவ்வளவு இருந்தது, எவ்வளவு குறைந்தது என்று கணக்கு இருக்கிறது. பாம்பு கடித்தால் விஷமுறிவு மருந்து இருக்கிறது. அதற்கு வேண்டிய விஷத்தை மகாபலிபுரத்துக்குப் பக்கத்தில் வடநெம்மேலியில் இருளர் கூட்டுறவுச் சங்கத்தார் பாம்பிலிருந்து எடுத்துக் கொடுக்கிறார்கள். விஷத்தின் பெயர் தெரிந்தால்தான் முறிவு உண்டு. பெயரில்லாத விஷத்திற்கு முறிவும் பெயரில்லாததே.

சில ஆட்சேபங்கள்

"ஆனாலும் சுத்தி செய்துகொண்ட பிறகு உடம்பு லேசாக இருக்கிறதே" என்பார்கள். நாலு நாள் குடியையும் பலகாரத்தையும் நிறுத்தி, நேரத்தில் தூங்கினால் எவனுக்குத்தான் லேசாக இராது? அந்தப் பெருமை பட்டினிக்கும் தூக்கத்திற்கும் உரியது, பொடிக்கு உரியதல்ல. அந்த நாலு நாள் பழக்கத்தை நாற்பது வருஷம் செய்தால் காசும் மிச்சம், ஆயுளும் மிச்சம்.

"நம் பாட்டன் பூட்டன் ஆறு மாதத்திற்கொரு முறை பேதிக்குச் சாப்பிட்டார்களே, அவர்கள் முட்டாள்களா?" என்பார்கள். அல்ல. அவர்கள் வயிற்றில் பூச்சி இருந்தது. அதைக் கொல்லும் மருந்து அவர்களிடம் இல்லை. கைக்குக் கிடைத்ததைச் செய்தார்கள். இப்போது வருஷத்துக்கு இரண்டு முறை பள்ளிக்கூடங்களிலும் அங்கன்வாடிகளிலும் பூச்சி மாத்திரையை இனாமாகவே கொடுக்கிறார்கள். பாட்டன் இன்றிருந்தால் அந்த மாத்திரையைத்தான் வாங்கிப் போட்டுக்கொள்ளுவார்.

"இங்கிலீஷ் வைத்தியக்காரர் மட்டும் யோக்கியரா?" என்பார்கள். யோக்கியர் என்று நாம் ஜாமீன் கொடுக்கவில்லை. வேண்டாத பரிசோதனையையும் வேண்டாத மருந்தையும் தலையில் கட்டுகிற ஆஸ்பத்திரிகளும் உண்டு. நமது மூன்று கேள்விகளை அங்கேயும் கேளுங்கள் என்றுதான் சொல்லுகிறோம். எந்தச் சட்டை போட்டிருக்கிறான் என்பதல்ல. கணக்குக் காட்டுகிறானா என்பதே கேள்வி.

உண்மையான சுத்தம்

கணக்குக் காட்டிய சுத்தம் ஒன்றைச் சொல்லுகிறோம். வியன்னா நகரத்து ஆஸ்பத்திரியில், பிணத்தை அறுத்துப் பார்த்த கையோடு வைத்தியர்கள் பிரசவம் பார்த்துவந்தார்கள். 1847ஆம் வருஷம் ஏப்ரல் மாதம் அந்த வார்டில் பிள்ளை பெற்றவர்களில் 100க்கு 18 பேர் ஜன்னி கண்டு செத்தார்கள். செம்மல்வெய்ஸ் என்ற வைத்தியர் மே மாதத்தில், குளோரின் சுண்ணாம்புத் தண்ணீரில் கையைக் கழுவாமல் ஒருவரும் உள்ளே வரக்கூடாது என்றார். ஜூன் மாதத்தில் சாவு 100க்கு 2 ஆயிற்று. பெரிய வைத்தியர்கள் பலர், "எங்கள் கையா அழுக்கு?" என்று கோபித்துக்கொண்டார்கள். தாழ்ந்தவன் கையில் இல்லாத அழுக்கைக் காண்கிறவர்களுக்குத் தங்கள் கையில் இருக்கிற அழுக்கு தெரிவதில்லை என்பது எந்தத் தேசத்திலும் ஒன்றாகவே இருக்கிறது.

நம் தேசத்திலே உண்மையான அழுக்கு எங்கே இருக்கிறது? சாக்கடையில் இருக்கிறது, மலக்குழியில் இருக்கிறது, சாக்கடை கலந்த குடிதண்ணீர்க் குழாயில் இருக்கிறது. அந்த அழுக்கை எடுக்கிறவன் யார்? எவனைத் தொட்டால் தீட்டு என்று சொன்னார்களோ அவனே. மனிதனைக் கொண்டு மலம் அள்ளுவதைத் தடுக்க 1993இல் ஒரு சட்டமும் 2013இல் ஒரு சட்டமும் செய்தார்கள். மலக்குழியில் செத்தவன் குடும்பத்திற்கு 10 லட்சம் ரூபாய் கொடுக்க வேண்டுமென்று 2014இல் சுப்ரீம் கோர்ட் சொல்லிற்று. 2023இல் அதை 30 லட்சமாக்கிற்று. சாவு நின்றிருந்தால் தொகையை ஏற்ற வேண்டிய அவசியம் ஏது? இச்சாவுக் கணக்கில் நமது தமிழ்நாடும் முன்வரிசையில் நிற்கிறது என்பது நமக்கு வெட்கம்.

ஊரையெல்லாம் சுத்தம் செய்கிறவன் அழுக்கானவன். ஒரு செம்புத் தண்ணீரைத் தெளித்துவிட்டுத் தட்சணை வாங்குகிறவன் சுத்தமானவன். ஊர்ச் சாக்கடைக்கு ஒரு மெஷின் வாங்கக் காசில்லை. காலை நனைக்கிற மெஷினுக்கு 700 ரூபாய் இருக்கிறது. இதைவிட நமது சுத்தத்தின் யோக்கியதைக்கு வேறு சாட்சி வேண்டுமா?

ஆகவே தோழர்களே! தினம் குளியுங்கள், சாப்பிடுமுன்னும் மலம் கழித்த பின்னும் சோப்புப் போட்டுக் கையைக் கழுவுங்கள், தண்ணீரைக் காய்ச்சிக் குடியுங்கள், ஊருக்குச் சாக்கடையும் கக்கூசும் அதைச் சுத்தம் செய்ய இயந்திரமும் கேட்டு நகரசபையையும் பஞ்சாயத்தையும் விடாமல் நெருக்குங்கள். உள்ளே அழுக்கிருக்கிறது என்று எவன் வந்து சொன்னாலும், அவன் பூணூல் போட்டிருந்தாலும் சரி, வெள்ளைக் கோட்டு மாட்டியிருந்தாலும் சரி, "அதன் பெயர் என்ன? எவ்வளவு இருக்கிறது? போனபின் எவ்வளவு இருக்கும்?" என்று கேளுங்கள். பதில் சொல்லாவிட்டால் பையை மூடிக்கொண்டு எழுந்து வந்துவிடுங்கள்.

நமது சிநேகிதருக்கும் இதையேதான் சொன்னோம். அவர் ஒரு சட்டியில் உப்புத் தண்ணீர் விட்டு, இரண்டு ஆணிகளைப் போட்டு, ஒரு சிறு பாட்டரியோடு சேர்த்து ஒரு நாள் வைத்துப் பார்த்தாராம். தண்ணீர் செம்பழுப்பாய் மாறிற்று என்று எழுதியிருக்கிறார். சட்டிக்குக் கால் இல்லை என்பதை அவரே குறிப்பிட்டிருப்பது நமக்கு மிகவும் திருப்தி.